மும்தாஜுக்கு உப்பு பார்த்த கதை

சென்ற மாதம் சென்னையில் ஒரு கம்பெனியின் இன்டர்வியூவில் நான் கலந்துகொண்டேன். நைட்டியோடு. தோளில் ஒரு டவல். கையில் கரண்டி.

சிரிக்காதீர்கள். நானாகப் போகவில்லை. பக்கத்து வீட்டு மும்தாஜின் செல்போன் வழியாக உள்ளே இழுக்கப்பட்டேன். வேலைக்கு மனு போட்டதும் அவள்தான்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு காம்பவுண்ட் சுவர். மும்தாஜ் என்னைவிடப் பத்து வயது இளையவள். இருவருமே சிதம்பரத்தில் பிறந்து கடலூருக்கு வாக்கப்பட்டவர்கள். அதனால் கடலூரைக் குறை சொல்ல எங்களுக்குள் ஒரு சங்கமே உண்டு. தலைவி, செயலாளர் எல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான். கூட்டம் தினமும் சுவர் ஓரத்தில் நடக்கும்.

அவள் கணவர் சலீம் குவைத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனில் சூப்பர்வைசர். கல்யாணமான மறு வருஷமே போனவர். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் மும்தாஜும் மாமனாரும்தான்.

ஒருநாள் மாலை சுவர் ஓரத்துக்கு வந்தவள், கடலூரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"அக்கா, இத பாருங்க" என்று போனை நீட்டினாள்.

சென்னையில் சமையல் ஆப் நடத்தும் ஒரு கம்பெனி. அந்தந்த ஊர்ச் சமையலை, அந்தந்த ஊர்க்காரர்களே, தங்கள் வீட்டு அடுப்பில் செய்து வீடியோவில் விளக்க வேண்டும். மாதச் சம்பளம். வீட்டிலிருந்தே வேலை. ஆனால் ஒரு நிபந்தனை — விளக்கம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் வீடியோ கால் போட்டு, அவர்கள் பார்க்கப் பார்க்கச் சமைத்துக் காட்ட வேண்டும்.

"நீதான் பி.காம். ஆச்சே?"

"படிச்சா புரியுதுக்கா. கேட்டா புரியுது. பேசணும்னா வாய் வரைக்கும் வருது. அங்க வந்து உக்காந்துக்குது."

"இப்ப எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அவுங்களுக்கு முட்டி வலி ஜாஸ்தியாயிடுச்சு. குடோன்ல நின்னுக்கிட்டே இருக்கணும்ல. கான்ட்ராக்ட் முடியுது. இன்னொரு தடவ கையெழுத்து போடச் சொல்லி நோன்புப் பெருநாள் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. போடாதீங்க, வந்துருங்கன்னு சொல்லணும்க்கா. சும்மா வெறுங்கையோட எப்புடி சொல்றது? எனக்கு ஒரு வேல இருக்கு, தைரியமா வாங்கன்னு சொல்லணும்."

இதற்கு மேல் என்ன கேட்பது? மறுநாளே வகுப்பு தொடங்கியது.

வாத்தியாராக நான் எப்படித் தேர்வானேன் என்கிறீர்களா? ஒரு காலத்தில் ஒரு பெண்கள் இதழுக்கு ஆங்கிலச் சமையல் குறிப்புகளைத் தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேக், புட்டிங், பாஸ்தா என்று நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூடச் செய்து பார்த்ததில்லை. வாசகிகள் செய்து பார்த்துவிட்டு என்ன ஆனார்கள் என்று இதழ்க்காரர்கள் என்னிடம் சொன்னதுமில்லை.

ஆனால் அந்த வேலையில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் சமையல் வார்த்தைகள் தனியாக வெளியே வருவதில்லை. ஜோடி ஜோடியாகத்தான் வரும்.

'ஃபைன்லி' வந்தால் பின்னாலேயே 'சாப்ட்' வந்துவிடும். பொடியாக நறுக்கியது. 'ஜென்ட்லி' என்றால் 'சிம்மர்' — சிறு தீயில் கொதிப்பது. 'டிரை' கிளம்பினால் 'ரோஸ்ட்' கூடவே கிளம்பும். எண்ணெய் விடாமல் வறுப்பது. 'எ பிஞ்ச் ஆஃப்' என்றால் உப்போ பெருங்காயமோ வரலாம். கத்தரிக்காய் வரக் கூடாது. ஜோடியை மாற்றிப் போட்டால் அர்த்தம் என்னவோ புரியும்... ஆனால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும்.

மும்தாஜ் கெட்டிக்காரி. ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொண்ட பிறகு சண்டைக்கு வருவாள்.

"வறுத்தது 'செட் அசைட்', நறுக்குனது 'செட் அசைட்', கரைச்சது 'செட் அசைட்'... எல்லாத்தையும் ஓரமா வைன்னா, நம்ம மேடையில ஓரம் எங்கக்கா இருக்கு? கிரைண்டர் மேல வைக்கிறதா?"

நியாயம்தானே?

"'ஸ்டர் அகேஷனலி'ன்னா அப்பப்ப கிண்டுறது. சரி. எப்பப்ப? எங்க நாத்தனார் போன் பண்ணா நான் கிண்டவே மாட்டேன். அவுங்க வச்சப்புறம் அடி புடிச்சிருக்கும். அது அகேஷனலியா?"

'ரூம் டெம்பரேச்சர்' சொல்லிக்கொடுத்த அன்று பெரிய கலவரம். வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அறைச் சூட்டுக்குக் கொண்டு வரவும் என்பார்கள் இங்கிலீஷ்காரர்கள். கடலூரில் மே மாதத்தில் வெண்ணெயை அறைச் சூட்டுக்குக் கொண்டு வந்தால் அது நெய்யாகித்தான் நிற்கும்.

"'சர்வ்ஸ் ஃபோர்'னு எப்புடிக்கா வாய் கூசாம சொல்றது? நாலு பேருக்குன்னு ஆக்குற அன்னிக்குதான் பண்ருட்டியிலேர்ந்து எங்க பெரியம்மா வீட்டுல அத்தன பேரும் பலாப்பழத்தோட வந்து எறங்குவாங்க."

சண்டை போட்டாலும் பயிற்சியை விடவில்லை. காலையில் நான் காபி குடிக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் 'கோர்ஸ்லி கிரவுண்ட்' என்று சத்தம் கேட்கும். கொரகொரப்பாகப் பொடிக்க மிக்ஸி ஓடும். ஓய்ந்ததும் 'கோல்டன் பிரவுன்' கேட்கும். வாசலில் மீன் விற்கும் அம்மாவிடம் 'மீடியம் பீசஸ்' என்று ஒருநாள் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள். அந்த அம்மா, "மீடியம் இன்னிக்கி வரலம்மா, சங்கராதான் இருக்குது" என்று கூடையைக் காட்டியிருக்கிறார்.

என்ன சமைத்துக் காட்டுவது என்பதில் எங்களுக்குக் குழப்பமே இல்லை. சிதம்பரத்துப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுத்தால் வேறு என்ன வரும்? கொத்சுதான். கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளி கரைத்து ஊற்றி, மல்லியும் மிளகாயும் கடலைப்பருப்பும் வறுத்துப் பொடித்துப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்க இறக்குவது. ஆங்கில ஜோடிகள் அத்தனையும் அதில் வந்து உட்கார்ந்துகொண்டன. சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கைக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். "கத்தரிக்காய வேகவைக்கிறதா? சுடணும்! யாரு ஒனக்கு வேகவைக்கச் சொன்னது?" என்று கத்தினாள். போனை 'செட் அசைட்' செய்துவிட்டேன்.

கடைசி வரி என் சொந்த ஏற்பாடு. அடுப்பை அணைப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் எடுத்து, ஊதி, ருசித்து, கேமராவைப் பார்த்து, 'டேஸ்ட் அண்ட் அட்ஜஸ்ட் த சீசனிங்' என்று சொல்லிப் புன்னகைக்க வேண்டும். ருசித்துப் பார்த்து உப்பு, காரத்தைச் சரிசெய்யவும் என்று அர்த்தம். புன்னகையைக்கூட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது.

ஒத்திகையில் மும்தாஜ் அந்த இடத்தைப் பிரமாதமாகச் செய்தாள். கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து... எனக்கே பசித்துவிடும்.

கம்பெனிக்காரர்கள் தேதி சொன்னார்கள். மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். அதற்குள் பிறை தெரிந்து நோன்பு தொடங்கிவிட்டது. ஒருநாள் மதியம் திடீரென்று மெசேஜ். நாளை மாலை ஐந்து மணிக்கு, தயாராக இருங்கள்.

இந்த இடத்தில் எங்கள் சுவரோரப் பழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நோன்பு மாதம் முழுக்க, சாயங்காலமானால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். "அக்கா... உப்பு பாக்க வாங்க!" சமைக்கிறவளுக்கும் நோன்பு. மாமனாருக்கும் நோன்பு. கஞ்சியையோ குழம்பையோ வாயில் வைத்துப் பார்க்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மும்தாஜ் அதற்கு ஒப்ப மாட்டாள். "எதுக்குக்கா ரிஸ்க்கு? அதான் நீங்க இருக்கீங்கல்ல" என்பாள்.

நான் போவேன். ருசிப்பேன். "கம்மி", "ஜாஸ்தி", "சரியா இருக்கு" — மூன்றில் ஒன்றைச் சொல்வேன். அவள் சரிசெய்வாள். நான் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சீரியலைத் தொடர்வேன். வருஷக்கணக்காக நடக்கிறது. மாவரைக்க கிரைண்டர் மாதிரி, உப்பு பார்க்க நான். அந்த வீட்டுச் சாமான்களில் நானும் ஒருத்தி.

அது அவ்வளவு பழகிப் போனதால்தானோ என்னவோ, நோன்பு நாளில் சமைத்துக் காட்டும்போது அந்தக் கடைசி வரியை என்ன செய்வது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எனக்கும் மூளை வேலை செய்யவில்லை. அவளுக்கும் செய்யவில்லை.

மறுநாள் மாலை. மும்தாஜ் இளநீலச் சுடிதார், அதே நிறத்தில் தலையில் துப்பட்டா. அடுப்புக்கு எதிரே ராகி மாவு டப்பாவில் சாய்த்து வைத்த போன். நான் ஃப்ரிட்ஜ் ஓரத்தில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், தைரியம் சொல்வதற்காக நின்றேன். தெரியாத இடத்தில் நிற்பதற்கு யாராவது புடவை கட்டுவார்களா?

திரையில் திவ்யா என்று ஒரு பெண். அந்தக் கம்பெனியில் வீடியோக்களைப் பார்த்துக்கொள்பவள். "ஸ்டார்ட் பண்ணலாமா மேம்?" என்றாள்.

மும்தாஜ் தொடங்கினாள். வாய் வரை வந்து உட்கார்ந்துகொள்ளும் ஆங்கிலம் அன்றைக்கு எழுந்து நடந்தது. வெங்காயம் 'ஃபைன்லி சாப்ட்'. பருப்பு 'டிரை ரோஸ்ட்'. பொடி 'கோர்ஸ்லி கிரவுண்ட்'. புளித்தண்ணீர் 'பிரிங் டு எ பாயில்'. பிறகு தீயைக் குறைத்து 'ஜென்ட்லி சிம்மர்'. ஒரு ஜோடிகூடப் பிரியவில்லை. ஃப்ரிட்ஜ் ஓரத்தில் எனக்குப் புல்லரித்தது. திவ்யா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசிக் கட்டம். மும்தாஜ் ஸ்பூனில் கொத்சை எடுத்தாள். ஊதினாள்.

"நவ்... டேஸ்ட் அண்ட் அட்ஜஸ்ட் த சீசனிங்."

ஸ்பூன் உதடு வரை போனது. நின்றது.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"மேம்? டேஸ்ட் பண்ணுங்க" என்றாள் திவ்யா.

மும்தாஜ் ஸ்பூனை இறக்கினாள். "நோன்பு மேடம்" என்றாள் மெதுவாக.

"ஓ, சாரி! பரவால்ல மேம். சும்மா ஆக்ட் பண்ணுங்க. ஸ்பூன வாய்கிட்ட கொண்டு போய்ட்டு ஒரு ஸ்மைல். மத்தத நாங்க எடிட்ல பாத்துக்குவோம்."

செய்தால் என்ன? வாயில் வைக்கப் போவதில்லை. நோன்பும் முறியாது. வேலையும் கிடைக்கும். 'செய்டி, செய்டி' என்று ஃப்ரிட்ஜ் ஓரத்திலிருந்து இரண்டு கையாலும் ஜாடை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நோ மேடம்" என்றாள். நான் சொல்லிக்கொடுக்காத ஆங்கிலம் வந்தது. "ஐ டிட் நாட் டேஸ்ட். ஸோ ஐ கேனாட் ஸ்மைல்."

பிறகு அவளே, "ஒன் மினிட். மை டேஸ்டர் இஸ் ஹியர்" என்று சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அக்கா, உப்பு பாக்க வாங்க!"

கால்கள் தாமாகவே நடந்தன. வருஷக்கணக்கான பழக்கம்! நாலடி வைத்த பிறகுதான் திரையில் என் முகம் தெரிந்தது. நைட்டி தெரிந்தது. டவல் தெரிந்தது. அடுத்த மூலையில் திவ்யாவின் கண்கள் பெரிதானதும் தெரிந்தது. மும்தாஜ் என் கையில் கரண்டியைக் கொடுத்தாள். உள்ளங்கையில் ஊற்றி நக்கினேன். ஆமாம், நக்கினேன். ஸ்பூன் ஞாபகமே வரவில்லை.

உப்பு கம்மி.

அந்த ஒரு நொடியில் எனக்குள் நடந்த போராட்டத்தை எப்படிச் சொல்வேன்? 'பெர்ஃபெக்ட்லி பேலன்ஸ்ட்', 'ஜஸ்ட் ரைட்', 'அப்சல்யூட்லி டெலிஷியஸ்' என்று எனக்குத் தெரிந்த ஜோடிகள் எல்லாம் தொண்டையில் வரிசையில் நின்றன. ஒன்றை வெளியே விட்டால் போதும், வேலை கிடைத்துவிடும். சலீமின் முட்டி வேறு கண்ணுக்கு முன்னால் வந்து போனது. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"உப்பு கம்மி, மும்தாஜ்."

தமிழில்! ஒரு ஆங்கில வார்த்தைகூட இல்லாமல்!

மும்தாஜ் கொஞ்சமும் அசரவில்லை. உப்பு ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். கிண்டினாள். கேமராவைப் பார்த்து, "மை நெய்பர் சேஸ் லெஸ் சால்ட். ஸோ ஐ அட்ஜஸ்ட்" என்று சொல்லி அடுப்பை அணைத்தாள்.

திவ்யா குனிந்து எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு, "ஓகே மேம்... வீ வில் கெட் பேக் டு யூ" என்றாள்.

இந்த ஜோடியும் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்து பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, 'வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு சொல்றோம்' என்பார்களே... அதன் ஆங்கில வடிவம்.

போன் அணைந்ததும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என் நாக்க அறுக்கணும் மும்தாஜ். சூப்பர்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம். கெடுத்துட்டேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கம்மியா இருந்தா கம்மின்னுதானக்கா சொல்லணும்? எனக்காக நீங்க சூப்பர்னு ஒரு பொய் சொல்லியிருந்தா, நாளைக்கு நான் யாரக் கூப்புடுவேன்?"

நான் எழுந்து அந்தக் கரண்டியைக் கழுவி வைத்தேன்.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை. வடைக்குத் தொட்டுக்கொள்ள அந்தக் கொத்சு. மும்தாஜ் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா... இப்ப ஜாஸ்தியாயிடுச்சோ?" நான் சாப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மாமனாரைக் கேட்டோம். அவர் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்மா" என்றார்.

ஒரே சட்டி. மூன்று நாக்கு. மூன்று தீர்ப்பு. 'சால்ட் டு டேஸ்ட்' என்று முதன்முதலில் எழுதியவர் நிச்சயம் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்திருக்கிறார். அளவு சொன்னால் அடி விழும் என்று தெரிந்து, உங்கள் ருசிக்கேற்ப என்று எழுதி நைசாக நழுவியிருக்கிறார்.

அதன் பிறகு ஒரு வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஆங்கிலம் கேட்கவில்லை. மிக்ஸி மட்டும் ஓடியது. உப்பு பார்க்கப் போனால் நானும் அதைப் பற்றிக் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. "கையெழுத்து போட்ரவான்னு தெனம் கேக்குறாங்கக்கா. ரெண்டு நாள் பொறுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் நோன்பு இருக்கவில்லை, ஆனாலும் இறங்கவில்லை.

திவ்யாவின் போன் ஒரு காலை நேரத்தில் வந்தது. மும்தாஜ் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சுவர் ஓரத்துக்கு ஓடி வந்தாள்.

"மேம், எல்லா ஊர்லேருந்தும் டெமோ பாத்துட்டோம். எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டு, கண்ண மூடி, 'யம்மி'ன்னாங்க. உங்க வீட்டுலதான் முதல் தடவையா உப்பு கம்மின்னு கேட்டோம்! நீங்க அடுத்த மாசமே ஜாயின் பண்ணலாம். ஒவ்வொரு வீடியோவுலயும் கடைசில யாராவது ஒருத்தர் வந்து நிஜமா டேஸ்ட் பண்ணி, நிஜத்த சொல்லட்டும். அப்புறம் மேம்... அந்த நைட்டி ஆன்ட்டி வருவாங்களா?"

மும்தாஜ் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சுவருக்கு மேலாகவே கட்டிக்கொண்டோம். என் நைட்டியில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் உப்பு பார்க்கக் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே அவளே சுவர் ஓரத்தில் நின்றாள்.

"அவுங்ககிட்ட சொல்லிட்டேன்க்கா. கையெழுத்து போடாதீங்க, எனக்கு வேல கெடச்சிடுச்சு, வந்துருங்கன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு போன எடுத்துப் பாத்தேன். கட்டாவல. அப்புறம் 'சரி'ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. இப்ப இத அனுப்பியிருக்காங்க. நீங்களே பாருங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். விமான டிக்கெட். குவைத்திலிருந்து சென்னை, பெருநாளைக்கு இரண்டு நாள் முன்னால். இத்தனை வருஷமாக அவர் எப்போது வந்தாலும், அதற்குக் கீழேயே சென்னையிலிருந்து குவைத் என்று இன்னொரு வரியும் தேதியும் இருக்கும். விரலால் மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். அந்த வரி இல்லை.

ஆங்கிலத்தில் இத்தனை ஜோடி வார்த்தைகளைத் தமிழாக்கியிருக்கிறேனே, இவ்வளவு ருசியான ஒன்றை இதுவரை பார்த்ததில்லை — 'ஒன்வே டிக்கெட்'!